கால்கயிறு

கயிறு பையில் இருக்கிறது. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பைக்குள் கையை விட்டேன், துண்டுக்கு அடியில் வழவழவென்று என்னவோ தட்டுப்பட்டது, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். பாம்பு என்று நினைத்துவிட்டேன். பாம்பாக இருந்திருந்தாலும் பரவாயில்லை, கடித்துத் தொலைத்திருக்கும், அத்தோடு போயிருக்கும். கறுப்பு ரப்பர்க் கயிறு. ஒரு முனையில் கணுக்காலைச் சுற்றி ஒட்டிக்கொள்கிற பட்டை, இன்னொரு முனையில் அலைச்சறுக்குப் போர்டின் வாலில் மாட்டுகிற சின்ன முடிச்சு. கடலில் அலைமேல் நிற்கச் சொல்லிக்கொடுக்கிற தேசிங்கு இதை லீஷ் என்பான், நான் கால்கயிறு என்றுதான் சொல்லுவேன். விழுந்தால் போர்டு ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம் போய்விடாமல் சேர்த்து வைத்திருப்பது இதுதான். இந்நேரம் இது கடலுக்குள் என் வீட்டுக்காரர் காலில் இருக்க வேண்டும். என் பையில், டீ ஃபிளாஸ்க்குக்கும் மாற்றுச் சட்டைக்கும் நடுவில், துவைத்து, காயப்போட்டு, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு வேறு போட்டு இருக்கிறது. ரப்பர் பேண்டு போட்டவள் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டையில் மணல் அப்பிக்கொண்டு ஒட்டவே மாட்டேன் என்றது. அவர் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, அழுக்கைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. போர்டைத் தேசிங்கின் கொட்டகையில் வைக்கும்போது நானே முடிச்சை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பக்கெட்டில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பால்கனிக் கொடியில் அவர் பனியனுக்கும் என் நைட்டிக்கும் நடுவில் காயப்போட்டேன். கடலில் கட்டுகிற கயிற்றை வீட்டுக் கொடியில் காயப்போட்ட ஒரே பெண்டாட்டி இந்தக் கரையில் நானாகத்தான் இருப்பேன். இன்றைக்கு மறக்காமல் பையில் எடுத்து வைத்தேன். மறக்காமல் எடுத்து வைத்ததைக் கொடுக்க மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன்? முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார் டாக்டர், இப்போதுதான், போன வாரம்தான். நல்ல முன்னேற்றம், குறைத்துப் பார்க்கலாம் என்றார். குறைத்துப் பார்க்கலாமாம், சாம்பாரில் உப்பா? அதிலிருந்து நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்றைக்குக் காரில் வரும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. கேளம்பாக்கம் திரும்பும்போது பேசவில்லை, டோல்கேட்டில் பேசவில்லை. நான் ஏதோ கேட்டதற்கு “ம்” என்றார். அந்த ம்-ஐப் பிடித்துக்கொண்டே மீதி வழி முழுக்க வந்தேன். பழைய ம்-ஆ, சாதாரண ம்-ஆ? கரைக்கு வந்ததும் அவர் எப்போதும் தண்ணீர் ஓரத்தில் குனிவார், காலில் பட்டையைச் சுற்றுவார், நிமிர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு கையைத் தூக்குவார். இன்றைக்குக் குனியவில்லை. நேராகக் கையைத் தூக்கினார், போய்விட்டார். நானும் கையைத் தூக்கினேன். குனியவில்லையே என்று அப்போது உறைக்கவில்லை. முகத்தைப் பார்த்ததில் காலைப் பார்க்கவில்லை.

அங்கே இருக்கிறார். மஞ்சள் போர்டு. அலை உடைகிற இடத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீர் சும்மா ஏறி இறங்குகிற இடத்தில், போர்டின் ரெண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இங்கேயிருந்து பார்த்தால் ஒரு கட்டைவிரல் அளவு. கடல் என்றால் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும் என்றுதான் திருச்செங்கோட்டுக்காரி நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ரொம்ப நேரம் சும்மா கிடக்கும், பிறகு பெரிய அலையாக நாலைந்து சேர்ந்து வரும். அதைச் செட்டு என்பார்கள். ஒரு செட்டு வந்து போய்விட்டது. அவர் பக்கத்தில் இருந்த ரெண்டு பேர் படுத்துக் கையால் துழாவி எழுந்து நின்று கரைவரைக்கும் வந்துவிட்டார்கள். அவர் எடுக்கவில்லை. முதல் அலையை விட்டார், ரெண்டாவதை விட்டார், மூன்றாவது நல்ல அலை, எனக்கே தெரிந்தது, அதையும் விட்டார். வந்ததும் வராததுமாக முதல் அலைக்கே பாய்கிற மனுஷர். ஏன் விடுகிறார்? கயிறு இல்லை என்று தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் திரும்பி வந்திருப்பாரே. அப்படியென்றால் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் ஏன் அலையை விடுகிறார்? தெரியும், தெரிந்துதான் போனார், குனியாமல் போனாரே, கயிறு இல்லை என்று தெரிந்தும் கேட்காமல் போனார். ஏன் கேட்கவில்லை? “சுகுணா, கயிறு எங்க?” என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைக்கூடக் கேட்கத் தோன்றாத நிலைமையில் ஒரு ஆள் கடலுக்குள் போனால் அதற்கு என்ன அர்த்தம். ஒரு அர்த்தமும் இல்லை, மறந்திருப்பார், மனுஷன் மறக்க மாட்டானா, நான் மறக்கவில்லையா. சரி, மறந்துதான் போனார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஏன் அலையை விடுகிறார்? மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறேன், செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி.

அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சுற்றல். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, குறை கண்டுபிடிப்பதுதான் சம்பளம். அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கேஸை மூடினோமா, மறுபடி போய்ப் பார்ப்பார். கதவைப் பூட்டினோமா, லிஃப்ட்டிலிருந்து திரும்புவார். பிறகு தூக்கம் போனது. படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி, “நிக்க மாட்டீங்குது சுகுணா, ஓடிக்கிட்டே இருக்குது, சுவிட்ச் எங்கன்னு தெரியல” என்பார். நான் தைலம் தேய்த்தேன். கொடுமுடிக் கோயிலுக்குப் போய் வந்தோம். யாரோ சொன்னார்கள் என்று ஜாதிக்காயைப் பாலில் இழைத்துக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். எட்டு மாடிக் கட்டடம். கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார், காலை வெளிப்பக்கம் தொங்கப்போட்டுக்கொண்டு. நான் சத்தம் போடவில்லை. எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. மெதுவாகப் போய்ச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, “டீ ஆறிப்போகுதுங்க” என்றேன். திரும்பிப் பார்த்தார். அந்த முகம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. அழுகை இல்லை, கோபம் இல்லை. எட்டு மாடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் முகத்தில் துளி பயம் இல்லை. வீட்டு சோஃபாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தார். “ஆறிடுச்சா” என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தார், டீயைக் குடித்தார், டீயில் சர்க்கரை கம்மி என்றுகூடச் சொன்னார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இப்போது அங்கே உட்கார்ந்திருப்பதும் அதே மாதிரிதான் இருக்கிறது. காலை ரெண்டு பக்கமும் தொங்கப்போட்டுக்கொண்டு. முகம் தெரியவில்லை. முகம் மட்டும் தெரிந்தால் போதும் எனக்கு.

இந்தக் கடல்தான் அவரை மீட்டது என்பதை நான் மறுக்கவில்லை. மனநல ஆலோசனை சொல்கிற அம்மாள்தான் சொன்னார், உடம்பு முழுசும் ஈடுபடுகிற வேலை ஏதாவது செய்யுங்கள், நீச்சல், மலையேற்றம், எதுவானாலும் என்று. இவர் போயும் போயும் இதைப் பிடித்தார். நாற்பத்தெட்டு வயதில், தொப்பையோடு, காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் மணலில் குப்புறப் படுத்து எழுந்து எழுந்து பழகினார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் பயமாகவும் இருந்தது. ஒரு மாதம் குடித்த உப்புத்தண்ணீரில் ஊறுகாய் போட்டிருக்கலாம். பிறகு ஒருநாள் நின்றார். நான் பார்த்தேன். மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும், நின்றார், கையை விரித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, கரையைப் பார்த்து வந்தார். வந்து விழுந்தவர் எழுந்து மணலில் உட்கார்ந்து, “சுகுணா, அது நின்னுடுச்சு” என்றார். எது என்று நான் கேட்கவில்லை, தெரியும். “அலை தூக்குது, எந்திரிக்கோணும், அவ்ளோதான். வேற ஒண்ணுக்கும் அங்க எடமே இல்ல. நேத்து இல்ல, நாளைக்கு இல்ல. கம்பெனி இல்ல. நானே இல்லைன்னு வையி.” அன்றைக்கு ராத்திரி தூங்கினார். குறட்டை விட்டுத் தூங்கினார். நான் விழித்துக்கொண்டு அந்தக் குறட்டையைக் கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு கிடந்தேன். சந்தோஷம்தான். ஆனால் பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவள் எங்கே தொட்டால் நிற்கும் என்று தெரியாமல் முழித்தேன், முன்பின் தெரியாத ஒரு அலை ஒரு நொடியில் நிறுத்திவிட்டது. அப்புறம் அந்த வார்த்தை. நானே இல்லைன்னு வையி. நல்ல அர்த்தத்தில்தான் சொன்னார், எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு என் தலைக்குள் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை. அவர் தலையிலிருந்து இறங்கியதெல்லாம் என் தலையில்தான் குடியேறியிருக்கிறது. கேஸை மூடினோமா என்று இப்போது திரும்பிப் போய்ப் பார்ப்பவள் நான். அவருக்கு அலை இருக்கிறது. எனக்கு இந்த மணல்தான், இந்தப் பைதான்.

போன் அடிக்கிறது. ரித்திகா. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் பயந்துகொள்வாள், எடுத்தால் குரலில் கண்டுபிடித்துவிடுவாள். எடுத்தேன். “அப்பா எறங்கியாச்சாம்மா?” “எறங்கியாச்சு கண்ணு.” “எப்படி இருக்காரு?” “அவருக்கென்ன, ராஜா மாதிரி உக்காந்திருக்காரு.” “நீ எப்படி இருக்கற?” “நானா? நான் டீ குடிச்சுக்கிட்டு காத்து வாங்கறேன்.” ஃபிளாஸ்க்கை இன்னும் திறக்கவே இல்லை. “அம்மா, குரல் ஒரு மாதிரி இருக்குது.” “காத்து கண்ணு, காத்து ஜாஸ்தி. நீ சாப்புட்டயா?” என்று வழக்கமான இடத்துக்குத் திருப்பிவிட்டேன். பேசிக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை, கண்ணில் எரிச்சல். போனை வைத்தபோது கயிறு என் கையில் இருந்தது, ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் சுற்றியிருக்கிறேன், எப்போது சுற்றினேன் என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். தேசிங்கிடம் சொல்லிவிட வேண்டியதுதான். அதுதான் முறை. அவன் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஒரு கூட்டத்தை மணலில் படுக்கப்போட்டு எழுப்பிக்கொண்டிருக்கிறான். சொன்னால் போர்டை எடுத்துக்கொண்டு பாய்ந்துபோய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான், கெட்டிக்காரன். ஆனால் கயிறு இல்லாமல் இறங்கினால் ஒரு மாதம் தண்ணீர் கிடையாது என்பது அவன் சட்டம். தனியாக ஓடுகிற போர்டு எதிரில் கற்றுக்கொள்கிறவன் மண்டையை உடைத்துவிடும், போன வருஷம் ஒரு பெண்ணுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். கலெக்டரே வந்தாலும் அவன் விடமாட்டான். ஒரு மாதம். மாத்திரை பாதி, கடல் இல்லை, ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் மொட்டைமாடிக் கதவுக்கு நான் எத்தனை பூட்டுப் போடுவது. சொல்லாவிட்டால் இப்போதே, சொன்னால் பிறகு. எந்தப் பக்கம் போனாலும் குழிதான். அவன் பக்கத்தில் போய் நின்றேன். “என்னாக்கா?” என்றான். வாய் திறந்தது. “சார் எங்க இருக்காரு, கண்ணு தெரியல எனக்கு” என்று வந்தது. சிரித்தான். “அதோ, மஞ்ச போர்டு, தெர்தா? சூப்பரா உக்காந்துனுகீறாரு. இன்னிக்கு அலை கொஞ்சம் பெர்சு அக்கா, நல்லதா பாத்து எடுப்பாரு, நீ பயப்படாத.” மணிக்கட்டில் சுற்றிய கயிற்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். என் வாயை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கூப்பிடலாம். கத்தினால் கேட்காது, முந்தானையை வீசலாம், திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் கயிற்றைத் தூக்கிக் காட்டலாம். காட்டினால்? அவர் சொல்லியிருக்கிறார், அவருக்கு நீச்சல் வந்த கதை. எங்கள் பக்கம் கிணற்றில்தான் பழக்குவது, இடுப்பில் கயிற்றைக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டு மேலே ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்பார். இவர் அப்பா கொஞ்ச நாள் பிடித்திருந்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் விட்டுவிட்டாராம். இவர் பாட்டுக்கு நீந்தியிருக்கிறார். நடுக்கிணற்றில் அண்ணாந்து பார்த்தால் அப்பா கையில் பீடி, கயிறு தண்ணீரில் மிதக்கிறது. பார்த்த உடனே முங்கிவிட்டார். “அண்ணாந்து பாக்காம இருந்திருந்தா கரை ஏறியிருப்பேன்” என்று சொல்லிச் சிரிப்பார். அப்படியானால் அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும். காலைப் பார்க்காதீர்கள். பார்க்காமலே ஒரு அலையைப் பிடித்து வந்துவிடுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், இவர் காலையும் விட்டு ஆளையும் விட்டு உட்கார்ந்திருக்கிறார், கரையில் இருக்கிற எனக்கு மூச்சு முட்டுகிறது. எனக்கு நீச்சல் தெரியாது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குக் கிணறு என்று விட்டுவிட்டார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்த்ததில்லை நான். அர்த்தநாரீஸ்வரா, பாதி உடம்பைக் கொடுத்தவன் நீ, உனக்குத் தெரியாதா. இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை. வேண்டுதலாக என்ன சொல்வது என்றுகூட வரவில்லை, மொட்டை, பால்குடம், எல்லாம் ஏற்கெனவே சொல்லி வைத்தாகிவிட்டது, புதிதாகக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தூரத்தில் தண்ணீர் கறுக்கிறது. கோடு கோடாக வருகிறது. செட்டு. பக்கத்தில் இருந்தவர்கள் படுத்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்தே இருக்கிறார். ஒன்று போனது. ரெண்டு போனது. மூன்றாவது அவருக்குப் பின்னால் எழும்புகிறது, சுவர் மாதிரி எழும்புகிறது, அவர் திரும்பிப் பார்க்கிறார், படுக்கிறார், துழாவுகிறார், எழுந்திரிக்கிறார். நிற்கிறார். ஐயோ, நிற்கிறார், கையை விரித்துக்கொண்டு, மஞ்சள் போர்டின்மேல், பச்சைத் தண்ணீர் அவரை ஏந்திக்கொண்டு வருகிறது, வருகிறார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான், வந்துவிட்டீர்கள். விழுந்தார். வெள்ளையாக ஒரு புரளல். போர்டு துள்ளி மேலே வந்தது. குப்புறக் கவிழ்ந்து, தன்பாட்டுக்கு, யாருமே அதன்மேல் இருந்ததில்லை என்கிற மாதிரி கரையைப் பார்த்து வருகிறது. அவர் வரவில்லை.

போர்டு வந்து மணலில் முட்டி நின்றது. வெறும் போர்டு. கை ஓடவில்லை கால் ஓடவில்லை என்பார்கள், என் கால் ஓடுகிறது, தண்ணீருக்குள் ஓடுகிறது, நான் சொல்லாமலே. சேலை காலைச் சுற்றிக்கொண்டது. கணுக்கால், முழங்கால், தொடை, சில்லென்று இடுப்பு. “ஏங்க” என்று கத்துகிறேன், இருபத்திரண்டு வருஷமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இந்தக் கடலில் “ஏங்க” என்றால் யார் திரும்புவார்கள், “ஈஸ்வரமூர்த்தி” என்று கத்தினேன், வாயெல்லாம் உப்பு. பின்னால் தேசிங்கு கத்துவது கேட்டது. எதிரில் வெள்ளையாக ஒன்று வந்தது, அது என்ன என்று பார்ப்பதற்குள் அடித்தது. தரை இல்லை. மேல் இல்லை, கீழ் இல்லை. காதுக்குள் பெரிய இரைச்சல், பிறகு அதுவும் இல்லை. மாத்திரை இல்லை, மொட்டைமாடி இல்லை, அவர்கூட இல்லை. மூச்சு, அது மட்டும். பிறகு முழங்கால் மணலில் இடித்தது, தலை வெளியே வந்தது, காற்று வந்தது, காற்றோடு சேர்ந்து எல்லாம் திரும்ப வந்தது, முதலில் அவர்தான் வந்தார். அட, இதைத்தானா சொன்னீர்கள்? இந்த இடத்துக்குத்தானா ஒவ்வொரு வாரமும் போய் வருகிறீர்கள்? அவ்வளவுதான் நினைத்தேன், அடுத்த அலை வந்துவிட்டது, யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

கயிற்றைப் பிடித்துத்தான் இழுத்தார். மணிக்கட்டில் சுற்றியிருந்ததே, அந்தக் கயிற்றை. அவரேதான். தலைமுடி நெற்றியில் ஒட்டி, மூக்கில் தண்ணீர் ஒழுக, இருமிக்கொண்டு, முழங்காலில் தோல் உரிந்து நின்றார். “உனக்குப் பைத்தியமா? நீச்சல் தெரியாத கழுத, எதுக்கு உள்ள வந்த?” என்று திட்டினார். இந்த மனுஷர் என்னைத் திட்டி எத்தனை நாள் ஆகிவிட்டது. இழுத்துக்கொண்டுபோய் மணலில் போட்டார், பக்கத்தில் தானும் விழுந்தார். கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினேன். பார்த்தார். “அட, உன்ட்டத்தான் இருந்துச்சா? நான் எங்கியோ உட்டுட்டேன்னு நெனச்சேன்.” “தெரியுமாங்க? இல்லைன்னு தெரிஞ்சேதான் போனீங்களா?” என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது, கேட்காமல் எப்படி இருப்பது. அவர் மூச்சு வாங்கினார். “போறப்ப தெரியாது. ரித்திகாவுக்கு ஃபீஸ் கட்டறத யோசிச்சுக்கிட்டே போயிட்டேன். அக்கட்ட போய் உக்காந்தப்பறம்தான், காலு லேசா இருக்குதேன்னு பாத்தேன். அப்பவே திரும்பலாம்னா, அலையத் தாண்டோணும். போர்டு கையவிட்டுப் போயிட்டா அவ்ளோ தூரம் நீந்தோணும். அப்படியே உக்காந்துட்டேன். ஒவ்வொரு அலையா விட்டுட்டே இருந்தேன். கை நடுங்குது, பல்லு கிட்டுது.” என்னைப் பார்த்தார், ஏதோ கிடைக்காத சாமான் கிடைத்துவிட்ட முகம். “பயம் சுகுணா. செத்துருவேனோன்னு நெம்ப பயந்துட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, இருமலும் சிரிப்புமாக, கண்ணில் தண்ணீர். “செத்துருவேனோன்னு பயந்துட்டேன்” என்று மறுபடி சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்கிற மாதிரி.

கேட்டது. மொட்டைமாடிச் சுவர்மேல் இல்லாதது இப்போது அந்த முகத்தில் இருந்தது, உதடெல்லாம் வெளுத்து, கன்னம் துடித்து, அப்பட்டமான பயம். நான் அவர் மாரில் ரெண்டு கையாலும் குத்தினேன், ஓங்கி ஓங்கிக் குத்தினேன், குத்திக்கொண்டே அழுதேன். “குத்து, குத்து” என்றார். தேசிங்கு மூச்சிரைக்க வந்து நின்றான். வெறும் காலைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “இன்னா சார் இது, லீஷ் இல்லாம? உன் போர்டு நேரா இந்தப் புள்ளைங்க நடுவுல வந்து சொருகுது, தெரியுமா?” நான்தான் கழற்றினேன், துவைக்கக் கொண்டுபோனேன், நான்தான் என்று சொன்னேன். “துவைக்கவா?” என்றான், சிரிப்பதா கோபப்படுவதா என்று அவனுக்கும் தெரியவில்லை. பிறகு தலையை ஆட்டினான். “நீ கழட்டினாலும் எறங்கினது அவருதானக்கா. ஒரு மாசம் தண்ணி கெடையாது. நான் ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எவனும் கேக்க மாட்டான்.” போர்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னது நியாயம்தான். ஒரு மாதம். நாளைக்குத் திங்கட்கிழமை, கம்பெனி, பாதி மாத்திரை. அவர் முகத்தைப் பார்த்தேன். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை, இனிமேலும் தெரியப்போவதில்லை. டீயை ஊற்றிக் கொடுத்தேன், கை ஆடியதில் பாதி மணலில் சிந்தியது, அவர் கை ஆடியதில் மீதியும். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்து, பட்டையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, அவர் கணுக்காலைச் சுற்றி ஒட்டினேன். நன்றாக ஒட்டியது, துவைத்ததாயிற்றே. “கரையில எதுக்கு?” என்றார். “இருக்கட்டுங்க” என்றேன். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷமாக நான் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ரெண்டு பேரும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.